சுவருக்கு வந்த முகங்கள்: ஜப்பானிய நாடக முகமூடிகள்

ஜப்பானின் நோ நாடக முகமூடி கைக்கு அடக்கமானது. உயரம் சுமார் 21 சென்டிமீட்டர், அகலம் சுமார் 14 சென்டிமீட்டர். வளர்ந்த மனிதரின் முகத்தை அது முழுதாக மூடாது. அணிந்திருக்கும் நடிகரின் தாடையும் கழுத்தும் ஓரத்துக்கு வெளியே தெரியும். அறுபது வயதைக் கடந்த ஆண் ஒருவர் இளம்பெண்ணாக மேடையில் நிற்கும்போது, அந்த வெள்ளை முகத்துக்குக் கீழே அவருடைய தளர்ந்த தாடை தெரிவதை ஜப்பானிய ரசிகர்கள் ஒரு குறையாக எண்ணுவதில்லை. ஆளை ஒளித்துவைக்கச் செய்த பொருள் அல்ல அது; மேடையில் அசைவதற்காகச் செய்தது.

இன்று அதே முகங்கள் உலகெங்கும் சுவர்களில் தொங்குகின்றன. வீட்டு நுழைவாயில், உணவகம், ஓட்டல் வரவேற்பறை, அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழை என்று எங்கும் அவற்றைக் காணலாம். மரத்தில் செதுக்கிய உயர்ந்த வேலைப்பாடு முதல் பீங்கான், காகிதக்கூழ், பிளாஸ்டிக் அச்சுப் பிரதி வரை எல்லாத் தரத்திலும் கிடைக்கின்றன. அசைவுக்காகப் பிறந்த ஒன்று அசையாத சுவரில் என்ன ஆகிறது என்பது தெரிய வேண்டுமானால், அது நடந்து வந்த வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோயில் முற்றத்தில் தொடக்கம்

நோ நாடகத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஜப்பானில் முகமூடிக் கூத்து இருந்தது. 612-ஆம் ஆண்டில் கொரியாவின் பெக்சே அரசிலிருந்து மிமாஷி என்பவர் வந்து ‘கிகாகு’ ஆட்டத்தைக் கற்பித்ததாக ‘நிஹோன் ஷோகி’ என்னும் பழைய வரலாற்று நூல் கூறுகிறது. பௌத்தக் கோயில் முற்றங்களில் ஊர்வலமாக ஆடிய ஆட்டம் அது. அதன் முகமூடிகள் தலை முழுவதையும் கவிழ்ந்து மூடும் அளவுக்குப் பெரியவை. அந்தக் கூட்டத்தில் ‘கருரா’ என்ற அலகுள்ள பறவை முகம் ஒன்று உண்டு. இந்தியாவின் கருடன்தான் அது. ‘பரமோன்’ என்ற முகம் பிராமணருடையது. போதையில் மூக்கு சிவந்த பாரசீக அரசன்கூட அந்த ஊர்வலத்தில் நடந்தான். சீனம், கொரியா வழியாக வந்த ஆசியக் கண்டம் முழுவதும் அந்த முகங்களில் பதிந்திருக்கிறது.

752-இல் நாரா நகரின் தோதாய்ஜி கோயிலில் மகா புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் விழா நடந்தது. கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. அன்று ஆடுவதற்காகச் செய்த கிகாகு முகமூடிகள் இன்றும் இருக்கின்றன. நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் உள்ள 171 கிகாகு முகமூடிகளில் பலவற்றில் அந்த ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. ஹோர்யூஜி கோயில் காத்துவந்த இன்னும் பழைய தொகுதி 1878-இல் பேரரசக் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டு, இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரத்தாலான முகமூடிகள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உளுத்துப்போகாமல் தங்கியிருப்பது உலகில் மிக அரிது.

கிகாகுவுக்குப் பின் அரசவை ஆட்டமான ‘புகாகு’ செல்வாக்குப் பெற்றது. அதன் முகமூடிகளில் சிலவற்றுக்குத் தாடை தனியாகக் கயிற்றில் தொங்கி ஆடும். இரண்டுக்கும் அப்பால், ஊர்ப்புறத் திருவிழாக்களில் வேடிக்கையும் வித்தையுமாக நடந்த ‘சாருகாகு’ என்ற கூத்திலிருந்துதான் நோ வளர்ந்தது. கனாமி (1333–1384) என்ற நடிகரும் அவர் மகன் ஸெயாமியும் அதைச் செப்பனிட்டார்கள். 1370-களின் நடுவில் கியோத்தோவின் இமாகுமானோவில் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்த, நாட்டின் படை ஆட்சியாளரான ஷோகுன் அஷிகாகா யோஷிமித்சு இருவரையும் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். ஸெயாமி அப்போது சிறுவன். பின்னாளில் நாடகம் எழுதியதோடு, நடிப்பைப் பற்றி ஆழ்ந்த நூல்களையும் எழுதினார். 1430-இல் பதிவான அவருடைய உரையாடல் நூல் ஒன்றில் முகமூடிச் சிற்பிகளைப் பெயர் சொல்லிப் பாராட்டும் பகுதி இருக்கிறது. நாடகத்தைப் பற்றிப் பேசும்போது சிற்பியையும் சேர்த்துப் பேசிய மரபு அது.

அறுபது முகங்கள்

நோ முகமூடிகள் அடிப்படையில் சுமார் 60 வகை. உள்வகைகளோடு எண்ணினால் 200-ஐத் தாண்டும். மேடையில் எல்லோரும் முகமூடி அணிவதில்லை. ‘ஷிதே’ எனப்படும் தலைமை நடிகரும் அவருக்குத் துணை வருபவர்களும்தான் அணிவார்கள். எதிரே அமர்ந்து கேள்வி கேட்கும் ‘வாகி’ பாத்திரம் உயிரோடு இருக்கும் ஆண். அவருக்கு முகமூடி கிடையாது. தலைமை நடிகரே உயிருள்ள நடுவயது ஆணாக வரும் நாடகங்களில் தம் சொந்த முகத்தோடு வருவார். அப்போதும் முகத்தைச் சுளிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. தம் முகத்தையே ஒரு முகமூடியைப் போல் வைத்துக்கொள்ள வேண்டும்.

முகமூடிகளில் மூத்தது ‘ஒகினா’. வெண்தாடியும், பஞ்சுருண்டை ஒட்டியதுபோன்ற புருவமும், சிரிப்பில் வளைந்த கண்களும் கொண்ட முதியவர் முகம். தாடை தனித் துண்டாக வெட்டப்பட்டுக் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். நோ உருவாவதற்கு முந்தைய சடங்கின் எச்சம் இது. நாடும் விளைச்சலும் செழிக்க வேண்டிப் புத்தாண்டில் ஒகினா ஆடப்படுகிறது. மற்ற முகமூடிகளைத் திரைக்குப் பின்னால் அணிவார்கள். ஒகினாவை மட்டும் நடிகர் மேடையில் பார்வையாளர் முன்னிலையிலேயே அணிகிறார்.

பெண் முகங்களில்தான் நோ சிற்பியின் நுட்பம் உச்சத்தைத் தொடுகிறது. மிக இளையவள் ‘கோ-ஒமோதே’. உருண்ட கன்னம், அகன்ற நெற்றி. இயல்பான புருவத்தை மழித்துவிட்டு நெற்றியின் மேலே மையால் தீட்டிய புகைபோன்ற இரண்டு புருவங்கள். கறுப்புச் சாயமிட்ட பற்கள். பழைய ஜப்பானிய உயர்குடிப் பெண்களின் ஒப்பனை அது. கூந்தலைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம். கோ-ஒமோதேவின் நெற்றியிலிருந்து கன்னம் வரை மூன்று இழைகள் ஒன்றையொன்று தொடாமல் சீராக இறங்கும். வயது ஏறும்போது இழைகள் பிரிந்து பின்னும். துயரத்தால் புத்தி பேதலித்த பெண்ணின் முகத்தில் அவை கலைந்து கன்னத்தில் விழும். அரை மில்லிமீட்டர் மைக்கோட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கை மாறிவிடுகிறது. பிள்ளையை இழந்த தாயாக ‘சுமிதாகாவா’ நாடகத்தில் வருபவருக்கு ‘ஃபுகாய்’ என்ற நடுவயது முகம். அதில் கன்னம் சற்று ஒட்டி, கண்ணிமை தாழ்ந்திருக்கும். வேறெந்த அடையாளமும் இல்லாமலே அந்த முகம் அழுது முடித்ததுபோல இருக்கும்.

‘மகோஜிரோ’ என்ற இளம்பெண் முகத்துக்கு ஒரு கதை உண்டு. கொங்கோ என்ற நோ குழுவைச் சேர்ந்த மகோஜிரோ என்ற நடிகர், இளவயதில் இறந்த தம் மனைவியின் சாயலை நினைவில் வைத்து அதைச் செதுக்கினார் என்பார்கள். அவர் செய்ததாகக் கருதப்படும் முகமூடி டோக்கியோவின் மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு புகழ்பெற்ற முகமும் இருக்கிறது. தத்சுஎமோன் என்ற சிற்பி செய்ததாகச் சொல்லப்படும் மூன்று கோ-ஒமோதேக்களை 16-ஆம் நூற்றாண்டின் பெரும் ஆட்சியாளர் தொயோதோமி ஹிதேயோஷி வைத்திருந்தார். அவற்றுக்குப் பனி, நிலா, மலர் என்று பெயரிட்டார். பனி இன்று கியோத்தோவில் கொங்கோ குடும்பத்திடம். மலர் மிட்சுயி அருங்காட்சியகத்தில். தோகுகாவா இயெயாசுவிடம் போன நிலா, எடோ நகரக் கோட்டையில் பிடித்த தீயில் அழிந்ததாகச் சொல்கிறார்கள்.

சுவர்களில் மிக அதிகமாகக் காணப்படுவது ஹன்னியா. பொறாமையும் ஏமாற்றமும் ஒரு பெண்ணைப் பேயாக்கிய நிலை அது. இரண்டு கொம்பு, பொன் பூசிய உலோகக் கண்கள், காது வரை கிழிந்த வாய். பலரும் இதை வெறும் அரக்க முகம் என்று எண்ணி மாட்டிவிடுகிறார்கள். வாயை ஒரு கையால் மறைத்துவிட்டு மேல்பாதியை மட்டும் பார்த்தால், நெரிந்த புருவத்துக்குக் கீழே இருப்பது வேதனை. கண்ணை மறைத்துவிட்டு வாயைப் பார்த்தால் கோபம். இரண்டையும் ஒரே முகத்தில் வைத்ததுதான் சிற்பியின் சாதனை. ‘அஓய் நோ உஎ’ நாடகத்தில் வரும் உயர்குடிச் சீமாட்டிக்கு வெளிர்நிற ஹன்னியா. ‘தோஜோஜி’ நாடகத்தில் கோயில் மணியைச் சுற்றிப் பாம்பாகும் பெண்ணுக்குச் சிவந்தது. மலைக்குடிசையில் மனிதரைத் தின்னும் பேய்க்கிழவிக்குக் கருத்தது. கொம்பு இப்போதுதான் முளைக்கத் தொடங்கிய ‘நமனாரி’ ஹன்னியாவுக்கு முந்தைய நிலை. காதுகூட இல்லாமல் முழுப் பாம்பாகிவிட்ட ‘ஜா’ பிந்தைய நிலை. மூன்றையும் வரிசையாகப் பார்ப்பவருக்கு, ஒரு மனம் படிப்படியாகக் கைவிட்டுப் போவது கண்ணெதிரே நடக்கும்.

இந்திய வாசகர்களுக்கு நெருக்கமான முகம் ஒன்றும் உண்டு. கொம்பாரு ஸென்போ எழுதிய ‘இக்காகு சென்னின்’ நாடகத்தின் நாயகன் நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள முனிவர். மழை தரும் நாக தேவதைகளைக் குகையில் அடைத்துவைக்கிறார், நாடு வறண்டுபோகிறது. அரசன் ஓர் அழகியை அனுப்ப, அவளுடைய ஆட்டத்திலும் மதுவிலும் முனிவரின் தவவலிமை கரைய, மழை கொட்டுகிறது. இராமாயணத்திலும் மகாபாரதத்திலும் வரும் ருஷ்யசிருங்கரின் கதைதான் இது. கம்பன் காட்டும் கலைக்கோட்டு முனிவர். பௌத்தக் கதைகள் வழியாகக் கடல் கடந்தவர், ஜப்பானிய மேடையில் தமக்கென்று ஒரு தனி முகமூடியே பெற்றுவிட்டார்.

நோவின் இடைவேளைகளில் நடக்கும் நகைச்சுவை நாடகமான கியோகெனுக்குச் சுமார் 20 வகை முகமூடிகள் உண்டு. குரங்கு, நரி, கொசு வரை அதில் அடக்கம். கியோகென் நடிகர் சிறுவனாகக் குரங்கு முகமூடியுடன் மேடையேறி, நரி வேடத்தைக் கட்டியாடிய பிறகே தேர்ந்தவராகக் கருதப்படுவார்.

மரம், சிப்பி, மை

நோ முகமூடிக்கு மரம் ஹினோக்கி. ஜப்பானிய சைப்ரஸ் வகையான அது கிசோ மலைப்பகுதியில் மெதுவாக வளர்வதால் இழை நெருக்கமாக இருக்கும். உலர்த்திய கட்டையில் அட்டை வார்ப்புகளை வைத்து நெற்றி, மூக்கு, தாடையின் அளவு பார்த்துச் செதுக்குவார்கள். முன்பக்கம் வடிவம் பெற்றதும் பின்பக்கம் குடையப்படுகிறது. அதன்மேல் ‘கொஃபுன்’ பூச்சு. சிப்பி ஓட்டை அரைத்த வெள்ளைப் பொடியை விலங்குப் பசையில் குழைத்து, பல தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் காயவைத்துத் தேய்ப்பார்கள். மேற்பூச்சில் காவியும் சிவப்பும் சிறிது சேர்த்தால்தான் தோலின் உயிர்ப்பு வரும். பிறகு உதட்டுச் சிவப்பு, கூந்தல் இழை, பல்லின் கறுப்பு. கடைசியில் வேண்டுமென்றே கொஞ்சம் பழமையும் ஏற்றப்படும். பேய்களுக்கும் தேவர்களுக்கும் கண்ணில் பொன் முலாம் பூசிய செம்புத் தகடு பதிப்பார்கள். உயிரோடிருக்கும் பெண்ணா, ஆவியா என்ற ஐயத்தை எழுப்பும் ‘தெய்கன்’ முகத்தில் கண்ணின் வெண்மையில் ஒரு துளி பொன் தீட்டினாலே போதும்.

புதிய முகம் கற்பனை செய்வதைவிடப் பழையதை அப்படியே படியெடுப்பதுதான் இந்தக் கலையில் பெரிய வேலை. அதற்கு ‘உத்சுஷி’ என்று பெயர். மூல முகமூடியில் பூச்சு உதிர்ந்திருந்தால் பிரதியிலும் உதிர்வு இருக்கும். கீறல் இருந்தால் கீறலும் இருக்கும். எடோ காலம் எனப்படும் தோகுகாவா ஆட்சிக் காலத்தில் தெமே, இஸெகி போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதையே செய்தன. இன்றைய நோ குழுக்களின் முகமூடிகளில் பலவும் அக்காலப் பிரதிகள்தாம். போலி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

முகமூடியைத் தெரிந்தவர் கையில் கொடுத்தால், அவர் பார்ப்பது பின்பக்கத்தையும்தான். உளித்தடம் ஒவ்வொரு சிற்பிக்கும் ஒருவிதமாக ஓடும். சிலர் தமக்கென ஒரு சிறு உளிக்குறியை அடையாளமாக விட்டுச் செல்வார்கள். தீயால் சுட்ட முத்திரையும் பின்னால்தான் இருக்கும். அணிந்த நடிகர்களின் வியர்வையும் மூச்சும் படிந்து கறுத்த மரமும் அங்கேதான். சுவரில் மாட்டிய கணமே இந்த வரலாறு முழுவதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது.

சாய்த்தால் மாறும் முகம்

மேடை சுமார் 6 மீட்டர் சதுரம். நடிகருக்குக் கண்துளை வழியாகத் தெரிவது மிகச் சிறிய வட்டம். மேடையின் மூலைத் தூண்களைக் குறியாக வைத்தே காலடி வைக்கிறார். நாடகத்துக்கு முன், கண்ணாடி அறை எனப்படும் இடத்தில் அவர் முகமூடியை வணங்கிவிட்டு அணிகிறார். கயிறு கோக்கும் இரு ஓரத்துளைப் பக்கம் மட்டுமே விரல் படும்; முகத்தைத் தொடுவது வழக்கமில்லை.

முகமூடியைச் சற்று மேலே நிமிர்த்துவதற்கு ‘தெராசு’ என்று பெயர். முகம் ஒளி பெறும். தாழ்த்துவது ‘குமோராசு’, முகத்தில் மேகம் கவியும். கோபத்தில் சட்டெனத் திருப்புவது ‘கிரு’. மிகச் சிறிய இந்த அசைவுகளில் மரம் சிரிக்கிறது, வாடுகிறது. சிற்பி உதட்டையும் கண்ணையும் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவே நிறுத்திவைத்திருப்பதுதான் காரணம். இரண்டு பாதிகளும்கூட முழுக்க ஒன்றுபோல் இருப்பதில்லை. பக்கவாட்டில் திரும்பும்போது உணர்ச்சி மாறிவிடும்.

இதை அறிவியல் ரீதியாகவும் சோதித்திருக்கிறார்கள். 2000-இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி இதழில் வெளியான ஆய்வொன்றில், ஒரே முகமூடியின் படங்களைப் பல கோணங்களில் ஜப்பானியருக்கும் பிரிட்டிஷாருக்கும் காட்டினார்கள். முன்னே சாய்ந்த முகத்தை மகிழ்ச்சியாகவும், பின்னே சாய்ந்ததைச் சோகமாகவும் பார்த்தவர்களே அதிகம். மேடை மரபு சொல்வதற்கு இது ஏறக்குறைய எதிர்ப்புறம். முன்னே சாயும்போது உதட்டின் வளைவு மேல்நோக்கியதாகத் தெரிவது ஒரு காரணம். ஆனால் மிக அதிகமாக முன்னே சாய்ந்த படங்களில் ஜப்பானியரின் தீர்ப்பு திரும்பத் தொடங்கியது. மேடையில் நடிகரின் உடல், பாட்டு, ஒளி எல்லாம் சேர்ந்து முகத்துக்குப் பொருள் தருகின்றன. தனியே பிரித்தெடுத்த மரத்துக்கு வடிவக் கணக்கு மட்டும்தான் மிஞ்சுகிறது. சுவரில் மாட்டுபவர் நினைவில் கொள்ள வேண்டிய உண்மை இது.

சுவருக்கு வந்த வழி

முகத்தை வீட்டில் மாட்டும் வழக்கம் ஜப்பானுக்கு அந்நியமில்லை. கோயில் கூரைகளின் கோடியில் பேய்முக ஓடு வைப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். ஹன்னியாவை வாசலில் மாட்டினால் தீயது அண்டாது என்ற நம்பிக்கையும் உண்டு. திருஷ்டி கழிக்கும் முகம் என்றே சொல்லலாம். கியூஷூ தீவின் தகாசிஹோ பகுதியில் இரவெல்லாம் நடக்கும் ககுரா சடங்காட்டத்தின் தெய்வ முகங்களைச் செதுக்கி, காவலாக வீடுகளில் மாட்டுகிறார்கள். குகையின் கல்லை நகர்த்திச் சூரிய தேவியை வெளிக்கொணர்ந்த பலசாலித் தெய்வத்தின் முகம் அவற்றில் முக்கியமானது.

பொதுமக்களுக்கு நெருங்கியவர்கள் ஒகாமேயும் ஹியொத்தோகோவும். ஒகாமே உப்பிய கன்னமும் சிறு மூக்குமாகச் சிரிக்கும் பெண். ஹியொத்தோகோ அடுப்பை ஊதுவதுபோல் வாயைக் கோணலாகக் குவித்த ஆண். கியோகென் முகங்களோடு உறவுள்ள இந்த இருவரும் நல்ல காலத்தின் அடையாளம். நவம்பர் மாதத்தில் டோக்கியோவின் அசகுசா பகுதியில் நடக்கும் சேவல்நாள் சந்தைகளில், வணிகர்கள் வாங்கிக் கடையில் மாட்டும் மூங்கில் வாரிகளில் ஒகாமேயின் முகம் பதிந்திருக்கும். கியோத்தோவின் செம்போன் ஷாகாதோ கோயிலில் ஒகாமேக்கு ஒரு வரலாறே சொல்கிறார்கள். 1227-இல் கட்டி முடித்த அந்தக் கோயிலின் தலைமைத் தச்சர் ஒரு தூணைக் குட்டையாக அறுத்துவிட்டார். எல்லாத் தூண்களையும் அதே அளவுக்கு அறுத்து மேலே தாங்குகட்டை வைக்குமாறு மனைவி ஒகாமே யோசனை சொன்னாள். கட்டடம் காப்பாற்றப்பட்டது. பெண்ணின் யோசனையால் முடிந்த வேலை என்று கணவனுக்குப் பழி வரக் கூடாதென அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் முகத்தை உத்தரத்தில் வைத்துத் தச்சர் விழா நடத்தினார் என்பது கதை. இன்றும் கியோத்தோவில் வீடு கட்டும்போது உத்தரம் ஏற்றும் நாளில் ஒகாமே முகம் வைப்பதுண்டு.

நோ முகமூடியின் கதை வேறு. அது ஆடும் குடும்பத்தின் சொத்து. பட்டுப் பையில் சுற்றி மரப்பெட்டிக்குள் இருக்கும். 1868-இல் தோகுகாவா ஆட்சி வீழ்ந்து பிரபுக்களின் ஆதரவு நின்றதும் அந்தப் பெட்டிகள் திறக்கப்பட்டன. நடிகர்கள் வேறு பிழைப்புத் தேடினார்கள். முகமூடிகளும் பட்டாடைகளும் விலைக்கு வந்தன. இவாகுரா தோமோமி போன்ற அரசியல் தலைவர்கள் நோவைக் கைதூக்கிவிட முயன்றார்கள். 1879-இல் ஜப்பான் சென்ற முன்னாள் அமெரிக்க அதிபர் கிராண்ட், ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இதைக் காப்பாற்றுங்கள் என்றதாகச் சொல்வார்கள். கலை பிழைத்தது, ஆனால் அதற்குள் பல முகங்கள் கப்பலேறிவிட்டன. பாரிஸின் கீமே, சூரிச்சின் ரீட்பெர்க் போன்ற அருங்காட்சியகங்களில் இன்று ஜப்பானிய முகமூடிகள் இருக்கின்றன. ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் பெர்ஸின்ஸ்கி 1925-இல் நோ, கியோகென் முகமூடிகளைப் பற்றி இரண்டு பாகங்களில் விரிவான நூல் வெளியிட்டார். அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ், நோவின் பாதிப்பில் எழுதிய முகமூடி நாடகத்தை 1916-இல் லண்டனில் ஒரு சீமாட்டியின் வரவேற்பறையில் அரங்கேற்றினார். மேற்கத்திய வீட்டுச் சுவருக்கு இந்த முகங்கள் வந்த பாதை இவர்களைப் போன்றோர் வழியாகத்தான் திறந்தது. 2001-இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த மானுடத்தின் வாய்மொழி, தொட்டறிய முடியாத மரபுகளின் பட்டியலில் கேரளத்தின் கூடியாட்டத்தோடு நோவும் இடம்பெற்றது.

கடைகளில் ‘கபுகி முகமூடி’ என்று விற்பவற்றைப் பற்றி ஒரு சொல். கபுகி நாடகத்தின் அடையாளம் முகமூடி அல்ல. முகத்தில் நேராகத் தீட்டும் ‘குமாதோரி’ ஒப்பனை. கபுகியிலிருந்து சுவருக்கு உரியது வேண்டுமானால் அதற்கு அருமையான மரபு ஒன்று இருக்கிறது. நாடகம் முடிந்ததும் நடிகர் தம் முகத்தில் பட்டுத்துணியை அழுத்தி எடுக்கும் ஒப்பனைப் பதிவு, ‘ஓஷிகுமா’. அதைச் சட்டமிட்டு மாட்டுவார்கள். சிவப்பும் கருப்பும் வியர்வையில் கலங்கிய அந்த முகம், அந்த ஒரு நாள் ஆட்டத்துக்கு மட்டுமே சொந்தம்.

மாட்டும் முறை

மரமுகமூடியைச் சுவரில் ஆணியடித்து நிறுத்தக் கூடாது. ஜப்பானில் இதற்கென்றே முகமூடி தாங்கும் நீளப் பலகைகள் செய்கிறார்கள். துணி பதித்த சட்டமும் உண்டு. காதோரத் துளைகளில் கோத்த கயிறு எடையைத் தாங்கும். உயரம் பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருப்பதே நல்லது. தலைக்கு மேலே மாட்டினால் கீழிருந்து பார்க்க நேரிடும். அப்போது முகம் எப்போதும் பின்னே சாய்ந்தது போலவே தெரியும். கண்மட்டத்தில் இருந்தால், அறையில் ஒருவர் எழும்போதும் அமரும்போதும் கடந்து போகும்போதும் கோணம் மாறும். நடிகர் தலையை அசைத்ததை இங்கே பார்ப்பவர் தம் உடலால் செய்கிறார். சுவரில் இந்தக் கலைக்குத் தரக்கூடிய நல்ல இடம் இதுதான்.

ஒளியும் அதே அளவு முக்கியம். நேர் எதிரே வைக்கும் பளீர் விளக்கு கண்குழியையும் இதழ்க்கோட்டையும் அழித்து, முகத்தைத் தட்டையாக்கிவிடும். நோ பல நூற்றாண்டுகள் பகல் வெளிச்சத்திலும் தீப்பந்த ஒளியிலும் ஆடப்பட்டது. நாராவின் கோஃபுகுஜி கோயிலில் மே மாதம் நடக்கும் தீயொளி நோவில் இன்றும் முகங்கள் அசையும் வெளிச்சத்தில்தான் தெரிகின்றன. எழுத்தாளர் தனிஸாகி ஜுனிச்சிரோ 1930-களில் நிழலின் அழகைப் பற்றி எழுதியபோது, நோவின் எழில் இருளோடு பிணைந்தது என்று வாதிட்டார். பக்கவாட்டிலிருந்து விழும் தணிந்த ஒளியே இந்த முகங்களுக்குப் பொருந்தும். கூட்டமாக மாட்டுவதும் நல்லதல்ல. ஹன்னியாவுக்குப் பக்கத்தில் கோ-ஒமோதேவைத் தொங்கவிட்டால் உரத்த முகம் அமைதியான முகத்தை விழுங்கிவிடும். ஒரு சுவருக்கு ஒரு முகம் போதும்.

பராமரிப்பில் பெரும் எதிரி ஈரமும் திடீர் வறட்சியும். கொஃபுன் பூச்சைப் பிடித்துவைத்திருப்பது நீரில் இளகும் பசை. ஈரத்துணியால் துடைத்தால் பூச்சே கரைந்து வரும். மென்மயிர்த் தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடத்தில் மரம் சுருங்கிப் பூச்சு வெடிக்கும். நேர்வெயிலில் நிறம் போகும். வெறும் விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப்பசை மெல்ல மஞ்சளாகப் படியும். நடிகர்கள் ஓரத்தை மட்டும் பிடிப்பதில் மரியாதையோடு இந்த அனுபவ அறிவும் சேர்ந்திருக்கிறது. பீங்கானுக்கும் பிளாஸ்டிக்கிற்கும் இந்தக் கவலைகள் குறைவு. சமையலறை, வராந்தா போன்ற இடங்களுக்கு அவையே ஏற்றவை. மலிவானது என்பதற்காக அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை.

ஜப்பானின் நோ குடும்பங்கள் பழைய முகமூடிகளை ஆண்டு முழுவதும் வெளியே வைப்பதில்லை. கோடையில் பெட்டிகளைத் திறந்து காற்றாட வைக்கும் வழக்கம் உண்டு. கியோத்தோவின் கொங்கோ நோ அரங்கம் அந்தச் சமயத்தில் தன் முகமூடிகளையும் உடைகளையும் பொதுமக்களுக்குக் காட்டுகிறது. கையால் செதுக்கிய முகமூடி வைத்திருப்பவர்களுக்கும் இந்த முறை பொருந்தும். சில மாதங்கள் சுவரில், சில மாதங்கள் பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் என்று மாற்றி மாற்றி வைத்தால் ஒளியால் வரும் சேதம் பாதியாகும். இறக்கும் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைத் திருப்பி, பூச்சி அரித்த துளையோ புதிய விரிசலோ தெரிகிறதா, கயிற்றுத் துளை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.